பாப் ஃபெல்லர் எறிந்த பந்தின் வேகம் என்ன?

1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அப்போது இருந்த கிரிஃபித் விளையாட்டரங்கம். பேஸ்பால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மைதானத்தில் ஒரு விந்தையான கருவியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது ராணுவத்தின் கருவி. துப்பாக்கியிலிருந்தும் பீரங்கியிலிருந்தும் புறப்படும் குண்டுகளின் வேகத்தை அளப்பதற்காக உருவானது. அன்று அது ஒரு பந்தின் வேகத்தை அளக்க வேண்டியிருந்தது. எறிந்தவர் பாப் ஃபெல்லர். கருவி காட்டிய விடை: மணிக்கு 98.6 மைல், அதாவது விநாடிக்கு 44.1 மீட்டர்.

மாணவ நண்பர்களே, இந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? ஒரு பந்தின் வேகம் இவ்வளவு என்று சொன்னால் அதன் பொருள் என்ன? அந்தப் பந்தை எறிந்தவரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் இந்தக் கேள்விகளுக்கு விடை நன்றாக விளங்கும்.

பண்ணையில் ஒரு மைதானம்

பேஸ்பால் ஆட்டத்தில் பந்து எறிபவரைப் பிட்சர் என்பார்கள். நம் கிரிக்கெட் பந்து வீச்சாளரைப் போன்றவர் அவர். ஆனால் பந்து தரையில் பட்டு எழும்பாமல், காற்றிலேயே பறந்து மட்டையாளரை அடைய வேண்டும். இருவருக்கும் இடையே உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். பந்தின் நிறை சுமார் 145 கிராம். கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுக் குறைவு. மட்டையாளர் மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் ஆட்டமிழந்து வெளியேற வேண்டும்.

ராபர்ட் ஃபெல்லர் 1918-இல் அயோவா மாநிலத்தில் வான் மீட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஓர் உழவர். மகனின் கைத்திறனைக் கண்ட அவர் தம் பண்ணை நிலத்தில் ஒரு பகுதியைச் சமன்படுத்தி ஆட்ட மைதானமாகவே ஆக்கிவிட்டார். அங்கே பழகிய சிறுவன் 1936-இல், தன் 17-ஆம் வயதில், கிளீவ்லண்டு நகர அணிக்காக ஆடினான். ஆகஸ்டு 23 அன்று, தொடக்கத்திலிருந்து பந்து எறிந்த முதல் ஆட்டத்திலேயே 15 பேரை வெளியேற்றினான். மூன்று வாரம் கழித்து மற்றொரு ஆட்டத்தில் 17 பேர்! ஆட்டப் பருவம் முடிந்ததும் என்ன செய்தான் தெரியுமா? உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பை முடிப்பதற்காக ஊருக்குத் திரும்பினான்.

1939, 1940, 1941 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஃபெல்லர் பெற்ற வெற்றிகள் முறையே 24, 27, 25. இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

மோட்டார் சைக்கிளே கடிகாரம்

இவ்வளவு பேரைத் திணறவைக்கும் பந்து என்ன வேகத்தில் போகிறது? எல்லோருக்கும் அதை அறிய ஆவல். ஆனால் எப்படி அளப்பது? கையிலிருந்து புறப்பட்ட பந்து அரை விநாடிக்குள் மட்டையாளரைத் தாண்டிவிடுகிறது. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் நம் விரலோ 0.2 விநாடி வரை பிந்தக்கூடியது. 0.4 விநாடியை அளப்பதில் 0.2 விநாடி பிழை என்றால் அந்த அளவைக்கு மதிப்பேது?

1940-இல் சிகாகோ நகரில் ஒரு வேடிக்கையான வழியைக் கையாண்டார்கள். மோட்டார் சைக்கிள் ஒன்று பின்னாலிருந்து மணிக்கு 86 மைல் வேகத்தில் வந்து ஃபெல்லரைக் கடந்து செல்லும். அது கடக்கும் சமயத்தில் அவர் பந்தை எறிய வேண்டும். எதிரே உள்ள இலக்கை எது முதலில் அடைகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. பந்து கையை விட்டபோது வண்டி சில அடி முன்னே போய்விட்டிருந்தது. அப்படியும் பந்தே முதலில் இலக்கைத் தைத்தது.

இதன் இயற்பியலைக் கவனியுங்கள். இங்கே கடிகாரமே கிடையாது. தெரிந்த வேகத்தில் செல்லும் ஒரு பொருளோடு தெரியாத வேகத்தில் செல்லும் பொருளை ஒப்பிடுகிறோம். முன்னே போன வண்டியைப் பந்து முந்தியது என்றால், பந்தின் சராசரி வேகம் 86 மைலைவிட நிச்சயமாக அதிகம். எவ்வளவு அதிகம்? அதற்குப் பந்து கையை விட்ட நொடியில் வண்டி எத்தனை அடி முன்னே இருந்தது, இலக்கைத் தொட்டபோது எத்தனை அடி பின்னே இருந்தது என்று துல்லியமாகத் தெரியவேண்டும். வண்டியின் வேகமும் சரியாக 86 தானா என்று உறுதியாக வேண்டும். கணக்கிட்டவர்களின் விடைகள் 100 மைலை ஒட்டி இருந்தன; ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கீழ் எல்லையை உறுதியாகச் சொல்ல முடிந்த அந்தச் சோதனையால் சரியான மதிப்பைச் சொல்ல முடியவில்லை.

போர் குறுக்கிட்டது

1941 டிசம்பர் 7. ஃபெல்லர் அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தம் பற்றிப் பேசுவதற்காகக் காரில் சிகாகோ நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பேர்ல் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கிய செய்தி வானொலியில் வந்தது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 9 அன்று, அவர் கடற்படையில் சேர்ந்துவிட்டார். அவருக்கு வயது 23.

அவர் சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தந்தை புற்றுநோயால் படுக்கையில் இருந்தார். குடும்பத்தைக் காப்பவர் என்ற முறையில் ஃபெல்லருக்குப் படைப் பணியிலிருந்து விலக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தாமல் தாமே முன்வந்து சேர்ந்தார். தந்தை 1943 ஜனவரியில் காலமானார்.

கடற்படையில் முதலில் அவருக்குக் கிடைத்தது வீரர்களுக்கு உடற்பயிற்சி அளிக்கும் வேலை. அதில் மனம் நிறையாமல் பீரங்கிப் பயிற்சிக்கு விண்ணப்பித்துப் போனார். அலபாமா என்னும் போர்க்கப்பலில் விமான எதிர்ப்புப் பீரங்கிக் குழு ஒன்றின் தலைவரானார். நான்கு குழல்கள் கொண்ட 40 மில்லிமீட்டர் பீரங்கி அது. கப்பல் 1943-இல் வட அட்லாண்டிக் கடலில் காவல் புரிந்தது. பிறகு பசிபிக் கடலுக்குப் போய் கில்பர்ட் தீவுகள், மார்ஷல் தீவுகள் பகுதிகளில் நடந்த போர்களில் பங்கேற்றது. கப்பல் தளத்திலேயே ஓடியும் பந்து எறிந்தும் ஃபெல்லர் உடலைப் பழக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பீரங்கிக்காரரின் சிக்கலும் மட்டையாளரின் சிக்கலும்

விமானத்தைச் சுடுபவர் விமானத்தைக் குறிபார்த்துச் சுட்டால் குண்டு அதன் மேல் படாது. ஏன்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்த 40 மி.மீ. பீரங்கிக் குண்டு குழலை விடும்போது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 880 மீட்டர். காற்றின் தடையால் வழியில் வேகம் குறையும். சராசரியாக 700 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விமானம் 1400 மீட்டர் தொலைவில், நம் பார்வைக்குக் குறுக்காக, விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. குண்டு அங்கே போய்ச் சேர 1400 ÷ 700 = 2 விநாடி ஆகும். அந்த 2 விநாடியில் விமானம் 200 மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே விமானத்துக்கு 200 மீட்டர் முன்னால் உள்ள வெற்றிடத்தைத்தான் குறிபார்க்க வேண்டும். இந்த முன்கணிப்பை உடனுக்குடன் செய்வதற்காகச் சுழலும் பம்பரத் தத்துவத்தில் இயங்கும் குறிபார்க்கும் கருவிகளைக் கடற்படை அக்காலத்தில் பயன்படுத்தியது.

ஃபெல்லரின் பந்தை எதிர்கொண்ட மட்டையாளருக்கும் இதே சிக்கல்தான் இருந்தது. பந்து இப்போது இருக்கும் இடத்தில் மட்டையைச் சுழற்றிப் பயனில்லை; அது வரப்போகும் இடத்தை முன்கூட்டியே கணிக்க வேண்டும். பந்து வந்து சேரும் நேரம் 0.4 விநாடிக்கும் குறைவு. கண்டதை மூளை உணர்ந்து கைக்கு ஆணையிட ஏறத்தாழ 0.2 விநாடி வேண்டும். மட்டையைச் சுழற்றவும் நேரம் வேண்டும். எனவே பந்து பாதி வழி வருவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். பல ஆண்டுகளாக மட்டையாளர்களுக்கு இந்தச் சிக்கலைக் கொடுத்தவர் இப்போது அதே சிக்கலுக்கு விடை காண வேண்டியவரானார்.

1944 ஜூன் 19 அன்று பிலிப்பைன் கடல் போரில், தாக்க வந்த ஜப்பானிய விமானங்களை அலபாமாவின் ரேடார் கருவி சுமார் 140 மைல் தொலைவிலேயே கண்டுபிடித்தது. ரேடார் வானொலி அலைகளை அனுப்பி, அவை பொருளின் மேல் பட்டுத் திரும்புவதை அறிந்து, பொருள் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. இந்த ரேடார் நம் கதையில் மீண்டும் வரும்.

ஒளித்திரையைக் கடந்த பந்து

1945 ஆகஸ்டில் ஃபெல்லர் படையிலிருந்து விடைபெற்று அணிக்குத் திரும்பினார். 1942, 1943, 1944 ஆகிய மூன்று பருவங்கள் முழுமையாகவும், 1945-இல் பெரும் பகுதியும் போய்விட்டன. பந்து எறியும் கை பழைய வேகத்தை மறந்திருக்குமோ என்று பலரும் ஐயுற்றனர். அவர் திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே 12 பேரை வெளியேற்றி வென்றார். 1946-இல் 26 வெற்றிகள்; அந்த ஒரே பருவத்தில் 348 பேரை வெளியேற்றினார். அந்த ஆண்டில்தான் கிரிஃபித் அரங்கில் மேலே சொன்ன சோதனை நடந்தது.

கருவி எப்படி வேலை செய்தது? ஒரு சட்டத்தின் ஒரு பக்கம் விளக்குகள், மறு பக்கம் ஒளிமின்கலங்கள். இடையே ஒளி ஒரு திரைபோல் பரவியிருக்கும். பந்து அதைக் கடக்கும்போது ஒளி சற்று மறைக்கப்படும். உடனே மின்னோட்டம் மாறும். இதுபோல இரண்டு திரைகள். முதல் திரையைக் கடந்த கணத்துக்கும் இரண்டாவதைக் கடந்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி பதிவு செய்யும். திரைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும்.

திரைகள் 1 மீட்டர் இடைவெளியில் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். 44.1 மீட்டர் வேகத்தில் செல்லும் பந்து அதை 0.0227 விநாடியில் கடக்கும். கருவி ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி பிசகினால் விடை ஏறத்தாழ 4 மைல் மாறிவிடும். குண்டுகளை அளக்கும் ராணுவக் கருவியைத் தேடிப் போனதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

எந்த இடத்து வேகம்?

கருவி நல்லது, எண்ணும் சரி. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தக் கருவி மட்டையாளர் நிற்கும் இடத்தில் இருந்தது. பந்து கையை விட்டபோதும் அதே வேகமா இருந்திருக்கும்? இல்லை. வழி நெடுகக் காற்று அதைத் தடுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

பிற்காலத்தில் இயற்பியலாளர்கள் காற்றின் தடையைக் கணக்கில் எடுத்து, அந்தப் பந்து மட்டையாளருக்கு 50 அடி முன்னால் இருந்தபோது அதன் வேகம் மணிக்கு 107.6 மைல், அதாவது விநாடிக்கு 48.1 மீட்டர் இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இதிலிருந்து எதிர்முடுக்கத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். வகுப்பில் படித்த சமன்பாடுதான்: v² = u² + 2as.

u = 48.1, v = 44.1, s = 50 அடி = 15.2 மீட்டர்.
2as = (44.1)² – (48.1)² = 1945 – 2314 = –369
a = –369 ÷ 30.4 = –12.1 மீட்டர்/விநாடி².

விடையைப் பார்த்து வியப்படைகிறீர்களா? புவி ஈர்ப்பின் முடுக்கம் 9.8 தான். அதாவது, வேகமாகச் செல்லும் இந்தப் பந்தைக் காற்று பின்னோக்கித் தள்ளும் விசை அந்தப் பந்தின் எடையைவிட அதிகம்! பாடப் புத்தகத்தில் எறிபொருள் கணக்குகளில் ‘காற்றின் தடையைப் புறக்கணிக்க’ என்று எழுதியிருக்கும். மெல்லத் தூக்கிப் போட்ட கல்லுக்கு அது சரி. இந்தப் பந்துக்குச் சரியாகாது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதே காரணம்.

1970-களின் நடுவில் ரேடார் துப்பாக்கிகள் பேஸ்பால் மைதானத்துக்கு வந்தன. ஓடும் பொருளிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும். அந்த மாற்றத்திலிருந்து இக்கருவி வேகத்தைச் சொல்லும். விமானங்களைக் கண்டுபிடித்த ரேடாரின் உடன்பிறப்பு இது. பிறகு பந்து கையை விட்டதுமே அதன் வேகத்தை அளப்பது வழக்கமாயிற்று. 1912-இல் வால்ட்டர் ஜான்சனின் பந்து 83.2 மைல், 1946-இல் ஃபெல்லர் 98.6, 1974-இல் நோலன் ரயன் 100.9, 2010-இல் அரோல்டிஸ் சாப்மன் 105.1 என்று பட்டியல் போட்டு, மனிதக் கை ஆண்டுக்கு ஆண்டு வலுவடைகிறது என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். ரயனின் பந்து மட்டையாளருக்குச் சுமார் 10 அடி முன்னால் அளக்கப்பட்டது. சாப்மனின் பந்து 50 அடி முன்னால் அளக்கப்பட்டது. கையை விட்ட இடத்துக்கு மாற்றிக் கணக்கிட்டதும் அதுவே 105.8 ஆயிற்று. வெவ்வேறு இடத்தில் அளந்த எண்களை ஒரே தராசில் வைக்கக் கூடாது.

மேலே எழும் பந்து

ஃபெல்லரின் பந்து அருகே வரும்போது மேலே துள்ளி எழுந்தது என்று மட்டையாளர்கள் சொல்வதுண்டு. அது நடக்கக்கூடியதா? கையை விட்ட இடத்திலிருந்து பந்து ஏறத்தாழ 16.7 மீட்டர் பறக்கிறது. சராசரி வேகம் 46 மீட்டர் என்றால் நேரம் 0.36 விநாடி. ஈர்ப்பு மட்டும் செயல்பட்டால் அந்த நேரத்தில் ½ × 9.8 × (0.36)² = 0.63 மீட்டர், அதாவது 63 செ.மீ. கீழே விழ வேண்டும். ஆனால் பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே வருகிறது. சுழலும் பந்தும் அதன் தையலும் காற்றைக் கீழ்ப்புறமாகத் திருப்பிவிடுகின்றன. அதன் எதிர்விளைவாகப் பந்து மேல்நோக்கி உந்தப்படுகிறது. ஜெர்மானிய அறிஞர் மாக்னஸின் பெயரால் இது மாக்னஸ் விளைவு எனப்படும். இந்த உந்துவிசை எடையில் ஒரு பகுதியை ஈடுசெய்வதால் பந்து 63 செ.மீ.க்குக் குறைவாகவே விழுகிறது. இன்னும் தாழ்வாக வரும் என்று எதிர்பார்த்த மட்டையாளரின் கண்ணுக்கு அது எழுந்ததுபோல் தோன்றுகிறது. உண்மையில் பந்து விழுந்துகொண்டுதான் வருகிறது.

போன நான்கு ஆண்டுகள்

இப்போது நான் நினைவில் வைக்கச் சொன்ன எண்களுக்கு வருவோம். 24, 27, 25. சராசரி 25.3. நான்கு பருவங்களுக்கு ஏறத்தாழ 101 வெற்றிகள். 1945-இல் திரும்பி வந்த பின் பெற்ற 5 வெற்றிகளைக் கழித்தால் 96. அவர் வாழ்நாளில் பெற்ற வெற்றிகள் 266. போர் குறுக்கிடாமல் இருந்திருந்தால் 362 ஆகியிருக்கும் என்று பலர் கணக்குப் போட்டார்கள்.

தெரிந்த புள்ளிகளை வைத்துத் தெரியாத இடத்துக்குக் கோட்டை நீட்டும் இந்த முறைக்குப் புறச்செருகல் என்று பெயர். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் கோட்டை நீட்டலாமா என்பதே கேள்வி. 1946-க்குப் பிறகு அவருடைய வெற்றிகளைப் பாருங்கள்: 1947-இல் 20, 1948-இல் 19, 1949-இல் 15, 1950-இல் 16, 1951-இல் 22. நேர்கோடா இது? ஓயாமல் எறிந்திருந்தால் கை முன்னமே பழுதாகியிருக்கலாம். போர்க்காலம் கைக்கு ஓய்வாக அமைந்திருக்கவும் கூடும். இன்னும் மேலான ஆண்டுகள் அவருக்கு வாய்த்திருக்கவும் கூடும். பந்தின் வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட நமக்கு ஒரு விதி இருந்தது: காற்றின் தடை. ஒரு மனிதன் வாழாத ஆண்டுகளைக் கணக்கிட அப்படி ஒரு விதி இல்லை.

ஃபெல்லர் 1962-இல் பேஸ்பால் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார்; 2010-இல் தம் 92-ஆம் வயதில் காலமானார். போருக்குப் போனதற்காக வருந்தியதில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். தம்மை வீரர் என்று யாராவது புகழ்ந்தால், திரும்பி வராதவர்களே வீரர்கள் என்பார்.

அந்தத் திரும்பி வராதவர்களில் உயர்மட்ட அணிகளுக்கு ஆடிய இருவர் உண்டு. எல்மர் கெடியன் 1939-இல் வாஷிங்டன் அணிக்காக ஐந்து ஆட்டங்கள் ஆடினார். 1944-இல் பிரான்சில் அவர் ஓட்டிய விமானம் வீழ்த்தப்பட்டது. ஹாரி ஓ’நீல் 1939-இல் பிலடெல்பியா அணிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். 1945-இல் இவோ ஜிமா தீவில் மடிந்தார். ஃபெல்லருக்காவது நீட்டிப் பார்க்கச் சில புள்ளிகள் உண்டு. ஓ’நீலுக்கு இருப்பது ஒரே ஒரு புள்ளி. அதை வைத்து எந்தத் திசையிலும் கோடு வரையலாம். எதையும் சரியென்று சொல்ல முடியாது.

நீங்களே செய்து பாருங்கள்

1. மணிக்கு 86 மைல் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் 18.44 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? (1 மைல் = 1609 மீட்டர்)

2. 145 கிராம் நிறையுள்ள பந்து விநாடிக்கு 44.1 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் என்ன? அந்த ஆற்றலால் 1 கிலோகிராம் நிறையை எவ்வளவு உயரம் தூக்கலாம்?

3. விமானம் 2100 மீட்டர் தொலைவில் விநாடிக்கு 120 மீட்டர் வேகத்தில் குறுக்காகப் பறக்கிறது. குண்டின் சராசரி வேகம் விநாடிக்கு 700 மீட்டர். எவ்வளவு தூரம் முன்னால் குறிபார்க்க வேண்டும்?

4. உங்கள் நண்பர் எறிந்த பந்து 18 மீட்டர் செல்ல 0.8 விநாடி ஆனதாக நிறுத்துக் கடிகாரம் காட்டுகிறது. பிழை 0.2 விநாடி வரை கூடவோ குறையவோ இருக்கலாம். பந்தின் சராசரி வேகம் எந்த எல்லைகளுக்குள் இருக்கும்?

விடைகள்: 1) 0.48 விநாடி. 2) 141 ஜூல், ஏறத்தாழ 14.4 மீட்டர். 3) 360 மீட்டர். 4) விநாடிக்கு 18 மீட்டர் முதல் 30 மீட்டர் வரை.